அக்கா தட்டிய நாற்பது எழுத்துகள்

‘மனம்போனபடி விசைகளைத் தட்டவும்’ என்று நேற்று கணினி கேட்டது. புதுச் சாவி உண்டாக்க அதற்குக் கொஞ்சம் தாறுமாறு வேண்டும். என் விரல் நகரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் வில்லியனூரில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து மேஜைக்காரி. எதிர் மேஜையில் அவள் அண்ணன். சைக்கிளில் கூட்டி வருவதும் அவன், கூட்டிப் போவதும் அவன். மாமன் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. என் முகவரி கொடுத்து பெங்களூரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவன் தலை நிமிரும்.

நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது, சேதிகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ரகசியச் சாவி உண்டாக்கும் புரோகிராம். சாவிகள் ஜோடியாகப் பிறக்கும். பூட்டுகிற சாவியை ஊருக்கே கொடுக்கலாம். திறக்கிற சாவி ஒருவரிடம் மட்டும். அக்காவுக்கு ஒரு ஜோடி இருந்தால், சேதியைப் பூட்டி அவள் பிளாப்பியில் போட்டுவிடலாம். சோதித்துப் பார்ப்பது ஆபீஸ் வேலைதானே, அண்ணன் காதில் விழுந்தாலும் பாதகமில்லை.

“இன்னாடி தட்டறது?”

“மனசு போன போக்குல தட்டுக்கா. நாப்பது எழுத்து. அப்புறம் ஒனக்கே மறந்து போவணும்.”

தட்டினாள். உதடு அசைந்தது. கான்வென்ட்டில் கற்ற இங்கிலீஷ் ‘அருள் நிறைந்த மரியே’. பயத்தில் ஜெபிக்கிறாள் என்று நினைத்தேனே தவிர, அதையேதான் தட்டுகிறாள் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. யார் தட்டினாலும் அதே எழுத்துக்கு அதே சாவிதான் திரும்பப் பிறக்கும். தட்டும் வேகத்தையும் சேர்த்துக் கலந்திருக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்குப் பிறகுதான் வந்தது. சாவிக்கான பெரிய பெரிய பகா எண்களைத் தேடி மெஷின் சாயங்காலம் வரை முனகியது.

அடுத்த மாதம் வேலை உத்தரவு வந்தது. ‘திங்கள் காலை பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடு’ என்று எழுதிப் பூட்டிக் கொடுத்தேன்.

திங்களன்று அந்த உத்தரவோடு மூன்று பஸ்களை விட்டேன். அவள் வரவில்லை. ஆபீஸுக்கு அண்ணன் மட்டும் வந்தான், அவளுடைய ராஜினாமாக் கடிதத்தோடு. பூட்டிய சேதியை எப்படித் திறந்தான் என்று கேட்டே விட்டேன். கோபமே இல்லாமல் சொன்னான்.

“தெனம் சாயங்காலம் எங்க வூட்ல எல்லாரும் முட்டி போட்டு, அவ சொல்லிக் குடுத்த இங்கிலீஷ்லயே சொல்ற ஜெபம்மா அது. அவ ஒதட்ட பாத்தா எனக்குத் தெரியாதா? அதையே நானும் தட்டினேன், தொறந்துடுச்சு.”

கல்யாணம் நடந்தது. அதன்பின் நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த உத்தரவு இன்னமும் என் பீரோவில் கிடக்கிறது.

திரையில் அதே வரி காத்திருக்கிறது. மனம்போனபடி தட்டு என்று சொல்வதற்கென்ன, யாரும் சொல்லலாம். மனம்போனபடி ஒரு நாளும் இருக்க விடப்படாதவளிடம் போய் அதைச் சொன்னவள் நான்.