இடப்பக்கம் இழுத்த கார்

மாசி வெயில். திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் சாலை. முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் என் கார். பஸ்ஸுக்குள் என் மனைவி, காருக்குள் நான் மட்டும்.

பஸ்ஸின் கடைசி சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே என்னைப் பார்த்தபடியே வந்தார்கள். ஒருவர் கையாட்டினார். நானும் பதிலுக்கு ஆட்டினேன். ஏன் ஆட்டினேனோ! முந்திப் போனால் பெண்டாட்டியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு ஓடுகிறவன். பின்னாலேயே போனால் கெஞ்சிக்கொண்டு போகிறவன். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றேன். கண்டக்டர் படியில் தொங்கியபடி, “என்ன சார், டிக்கெட்டு வேணுமா?” என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அவள் சிரித்தாளா என்று அவளுடைய ஜன்னலைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை அவளும் காரில்தான் வந்தாள்; கோபால்பட்டி தாண்டியதும்தான் இறங்கினாள். சாலையில் ஒரு பள்ளம். ஏறி இறங்கியதும் கார் ஒரு துள்ளுத் துள்ளி, இடப்பக்கத்துப் புளியமரத்தைப் பார்த்துப் போனது. ஸ்டியரிங்கை நான் ஏற்கெனவே வலப்பக்கம் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டிவந்தேன், இன்னும் இழுத்தேன். மரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது. “நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன். மடியில் இருந்த பூப்பையை எடுத்துக்கொண்டாள். “நீங்க வாங்க. நான் பஸ்ல வாரேன்.” கோபமே இல்லாத குரல். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிக்கொண்டாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கதவு, நீள மூக்கு, பழைய செங்கல் சிவப்பு. கொடைக்கானலில் ஒரு பங்களாவில் படுதா போர்த்திக் கிடந்ததை வாங்கி வந்தேன். ஒரே இடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. சோற்றில் கை இருக்கும்போதே செருப்பைத் தேடுகிற கால். அந்தக் கார் நின்றாலே ஓடுவது போல இருந்தது, அதுதான் பிடித்தது. அதோடு விட்டிருக்கலாம். கோயம்புத்தூரில் கட்டையான ஸ்பிரிங்குகள் வாங்கி மாட்டி, காரைத் தாழ்த்தினேன். தாழ்ந்ததும் அது சாலையோடு ஒட்டிக்கொண்டது, பாயப்போகிற பூனை போல. சாயங்காலம் வாசலில் நிறுத்திவிட்டு எதிர்வீட்டு நிழலில் போய் நின்று பார்ப்பேன். அத்தனை அழகு.

ஓட்டினால்தான் தெரியும். உயரம் குறைந்தால் சக்கரங்கள் பழைய கோணத்தில் நிற்பதில்லை. தலைப்பக்கம் உள்ளே சாய்ந்துவிடும். நேராகப் பார்க்க வேண்டிய இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். திண்டுக்கல்லில் அலைன்மென்ட் மெஷின் வைத்திருந்த கடைக்குப் போனேன். மேடையில் ஏற்றும்போதே முன் பம்பர் இடித்துக்கொண்டது. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “சார், இது காரா, பல்லியா? எங்க மேடையில ஏறாது” என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அப்புறம் என்பதுதான் அந்தப் புளியமரம்.

நத்தத்தில் மாமியார் வீட்டில் திருவிழா விருந்து. பஸ் ஸ்டாண்டில் இருந்து அவள் நடந்து வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. “மாப்ள எங்க?” என்று அவள் அம்மா கேட்டதும், “பின்னால வாராக” என்றாளாம். நான் வந்து நிறுத்தியபோது அவளுடைய அண்ணன், அரிசி மில் வைத்திருப்பவர், காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்ன மாப்ள, காரு உக்காந்துருச்சு?”

“இல்ல மச்சான், இது இப்படித்தான்.”

“வேணும்னேவா உக்கார வச்சீக?”

பந்தியில் யாரோ புரையேறச் சிரித்தார்கள். கறியும் வெஞ்சனமும் இலை நிறைய இருந்தன. எனக்குத் தண்ணீர்தான் இறங்கியது. கை கழுவும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்: “நாளைக்குச் சாயந்தரம் நான் பஸ்ல போயிருவேன். நீங்க உங்க வண்டில வாங்க.” மாமியார் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உங்க வண்டி. அந்த வீட்டில் அதுவரை எல்லாவற்றுக்கும் நம்ம என்றுதான் பேச்சு.

மச்சான் என்னை வாசலுக்கு இழுத்துப் போனார். “அவ பஸ்ல வந்ததை ஊரு பாத்துருச்சு. போறதையும் பாக்கணுமா? காலைல மில்லுக்குக் கொண்டாங்க.”

மில்லில் பட்டை ஓடும் இரண்டு சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பட்டை கழன்றுவிடும். நூல் பிடித்து அதைச் சரிசெய்வது அவருக்குப் பழக்கம். “நாலு சக்கரம்தானே மாப்ள, எங்கிட்ட வாய்ப்பாடு இருக்கு” என்றார். காரை நெல் காய்கிற சிமெண்டுக் களத்தில் நிறுத்தினோம். கொத்தனாரின் தூக்குக்குண்டை ஒவ்வொரு சக்கரத்தின் ஓரமும் தொங்கவிட்டு, நூலுக்கும் விளிம்புக்கும் இடையில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்தோம். சக்கரத்தைத் தாங்கும் மேல் போல்ட்டின் ஓட்டையை அரத்தால் நீளமாக்கி, சாய்ந்த தலையை வெளியே தள்ளி நிமிர்த்தினோம். அதற்குப் பிறகுதான் பார்வையை நேராக்கலாம். முதலில் நிமிர்த்தாமல் பார்வையைத் திருத்தினால் அதுவும் மாறிவிடும். தூக்கு, திருகு, இறக்கு, உருட்டு, அள. மறுபடி தூக்கு. உச்சி வெயில் ஏறியபோது நான்கு நூல்களும் நான்கு சக்கரங்களோடு ஒட்டி நின்றன. எனக்கு அழுகையே வந்தது.

சாலைக்குக் கொண்டுபோனேன். கார் இடப்பக்கம் இழுக்கவில்லை. வலப்பக்கம் இழுத்தது. எதிரே வருகிற லாரிகளைப் பார்த்து.

காரைக் களத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். கிரீஸ் கையைக் கழுவ மச்சான் குழாயைத் திறந்தார். தண்ணீர் களத்தில் விழுந்து, ஒரு கணம் தயங்கி, காருக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கத்துச் சாக்கடையைப் பார்த்து நிதானமாக ஓடியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று எல்லாக் களத்தையும் சரிவாகத்தான் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. தூக்குக்குண்டு பூமிக்கு நேராக நின்றது, கார் களத்துக்கு நேராக நின்றது, நாங்கள் இரண்டுக்கும் நடுவில் சக்கரத்தைக் கோணலாக்கி வைத்திருந்தோம்.

“நானே பக்கத்துல நின்னு சரிவு விடச் சொன்ன களம் மாப்ள” என்றார் மச்சான், மெல்ல. “எந்தங்கச்சிகிட்ட சொல்லாதீக.”

முதல்முறையாக என் வெட்கத்தில் பங்குக்கு ஒரு ஆள் கிடைத்தது. ஆனாலும் அது குறையவில்லை.

பக்கத்தில் புளி சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் லாரிகளை நிறுத்தி எடைபோடும் இரும்பு மேடை இருந்தது. அது மட்டம் தவறாது. காரை அதன்மேல் ஏற்றி, எல்லாவற்றையும் முதலில் இருந்து ஆரம்பித்தோம். அங்கே புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கல்லைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மச்சான் நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: “சும்மா நிக்கிற வண்டிய நிமுத்தி என்ன பண்ண? ஆளு ஏறினா இன்னும் அமுங்கும்ல. எந்தங்கச்சி எம்புட்டு எடை இருப்பா?”

எனக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூர் ஸ்பிரிங் எவ்வளவு எடை தாங்கும் என்று தெரியும். டயருக்கு எவ்வளவு காற்று என்று தெரியும்.

“கட்டிக்கிட்டு இத்தன வருசம் ஆச்சு, ஒருக்காக்கூடத் தூக்கிப் பாக்கலையாக்கும்” என்றாள் ஓரத்தில் இருந்த ஒரு அக்கா. பெண்கள் கூட்டம் வெடித்துச் சிரித்தது. இன்னொருத்தி கல்லைத் தூக்கிக் காட்டினாள்: “ரெண்டு சிப்பம் வைங்க அண்ணே. கோவத்தோட சேத்தா மூணு!”

பனையோலையில் கட்டிய புளிச் சிப்பங்களைத் தூக்கிவந்து இடப்பக்க இருக்கையில் வைத்தோம். டிரைவர் இருக்கையில் நான் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் அவளுக்குப் பதிலாகப் புளி. மச்சான் மேடையைச் சுற்றிச் சுற்றி நூல் பிடித்தார், என்னை இறங்கச் சொல்லித் திருகினார், ஏறச் சொல்லி அளந்தார். பெண்கள் பார்த்த பார்வையில் நான் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அமுங்கினேன். அந்த இருக்கையில் அவள் என்னோடு எத்தனை முறை வந்திருக்கிறாள், கதவுப் பிடியை எப்படிப் பிடித்திருந்தாள், நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்... நினைக்க நினைக்கப் புளியின் வாடை மூக்கில் ஏறியது.

இந்த முறை மச்சானே ஓட்டிப் பார்த்தார். ஆளில்லாத நேரான சாலையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினார். கார் நூல் பிடித்த மாதிரி போனது.

சாயங்காலம் அவள் பையோடு வாசலுக்கு வந்தாள். பஸ்ஸுக்குத்தான். மச்சான் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏறு ஆத்தா. கைய விட்டு ஓட்டிப் பாத்துட்டேன். அண்ணன் சொல்றேன்ல.”

அவள் இருக்கையைப் பார்த்தாள். நாரும் ஓட்டுத்துண்டுகளும் கிடந்தன. “இதென்ன, புளி?”

நானும் மச்சானும் ஒரே நேரத்தில் “ஒண்ணுமில்ல” என்றோம். முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். தெருவில் நாலைந்து பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவளே ஏறியது போலத்தான் இருந்தது. எனக்காக என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சாலை திறந்து கிடந்தது. மாம்பூ வாசனை. கார் எந்தப் பக்கமும் போகவில்லை. எனக்கு உடனே அவளிடம் காட்ட வேண்டும்.

“கைய விடட்டுமா? பாக்கிறியா?”

“வேணாம். ரெண்டு கையாலயும் பிடிங்க.”

பிடித்தேன். செத்த நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவளுடைய வலது கால் விறைத்து, கட்டைவிரல் வளைந்து, தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் பிரேக் கிடையாது. இல்லாத பிரேக்கை அவள் பலங்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள். முகம் சாதாரணமாக ஜன்னலைப் பார்த்தது. கால் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருந்தது.

வேகத்தைக் குறைத்தேன். கால் எழவில்லை. இன்னும் குறைத்தேன். அந்தக் காரை அதற்கு முன் நான் அப்படி ஓட்டியதே இல்லை; என்ஜின் முனகியது. பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போனது. அதில் இருந்தவர் திரும்பி, தாழ்ந்த சிவப்புக் காரையும் உள்ளே நேராக உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். காதெல்லாம் சூடாகியது. ஆனாலும் முந்தவில்லை.

அவள் கால் எந்த இடத்தில் தளர்ந்தது, திண்டுக்கல் வரும்வரை தளர்ந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.