அட்டவணையில் வெட்டிய வரி

நவி மும்பையில், ஐரோலி ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் பாதி தூரம் நடந்துவிட்டிருந்தேன். நல்ல மதிய வெயில். தோளில் பை, அதற்குள் ஒரு சட்டை, சார்ஜர். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். வேலைகளை நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன். ஓட்டல், அச்சகம், பிவண்டி பார்சல் குடோன், எல்லா இடத்திலிருந்தும் மதியம் வெளியே வந்து, திரும்பிப் போகாமல் இருந்துவிடுவது. ஒன்பதாம் வகுப்பையும் அப்படித்தான் விட்டேன்.

இந்த ஆபீசில் நாங்கள் நாலு பேர். வெளிநாட்டுக் கால்பந்தை வைத்து விளையாடும் ஃபேன்டஸி ஆட்டத்துக்குத் தகவல் கொடுப்பது தொழில். ஆடுகிறவர்கள் நிஜ வீரர்களில் சிலரைப் பொறுக்கித் தங்களுக்கென்று ஓர் அணி வைத்துக்கொள்வார்கள். அந்த வீரர்கள் அந்த வாரம் மைதானத்தில் ஆடுவதைப் பொறுத்து இவர்களுக்குப் புள்ளி. அதனால் எந்த வாரம் யாருக்கு யாரோடு போட்டி என்ற பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதை எடுக்க ஒரு டூல் இருந்தது. கறுப்புத் திரையில் வாரத்தின் எண்ணை அடித்து எண்டரைத் தட்டினால், அணி, எதிரணி, தேதி, லண்டன் நேரம் என்று வரி வரியாக வந்து விழும். நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, அட்டவணையில் போட்டு, உறுப்பினர்களின் போனுக்கு அனுப்புவது என் வேலை. கால்பந்து நான் பார்த்ததே இல்லை. அணி என்றால் எனக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான்.

டூலைச் செய்தவன் என் சிநேகிதன். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவன், தமிழ் பேசுவான், வாசிக்க வராது. வீடியோ பார்த்துப் பார்த்தே இந்த வேலையைப் படித்துக்கொண்டான். அவன் வீட்டில் பரண் மாதிரி இருந்த மேல்தட்டில்தான் நான் படுத்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லித்தான் ஆபீசில் என்னைச் சேர்த்தார்கள்.

அந்த வாரம் டூல் கொடுத்த பட்டியலில் கடைசியாக ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதில் இருந்த இரண்டு அணிகளும் மேலே வேறு வரிகளில் ஏற்கெனவே வந்தவை. மற்ற எல்லா அணிகளுக்கும் ஆளுக்கு ஒரு போட்டிதான். பிவண்டி குடோனில் ஒரே எண் இரண்டு தடவை வந்தால் யாரோ இரண்டு தடவை ஸ்கேன் செய்துவிட்டார்கள் என்று பொருள். பின்னால் வந்ததை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் கத்துவார். நானும் வெட்டினேன். கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, மழையில் நின்றுபோன பழைய போட்டி ஒன்றை அந்த வாரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த இரண்டு அணிக்காரர்களுக்கும் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம், இரட்டிப்புப் புள்ளி. எங்கள் அட்டவணையை நம்பினவர்கள் அந்த வீரர்களைத் தங்கள் அணியில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். போன் மேல் போன் வந்தது.

“டூல் குடுத்தப்போ அந்த மேட்ச் இருந்துச்சாலே, இல்லியா?” என்று சிநேகிதன் கேட்டான்.

இல்லை என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

இப்போது தட்டினால் அந்த வரி வந்தது. அதனால் அன்றைக்கு டூல் பழைய பட்டியலைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே கொடுத்திருக்கிறது என்று அவன் முடிவுகட்டினான். மூன்று நாளாக அதைக் குடைந்துகொண்டிருந்தான். அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அவர்தான் எங்கள் முதலாளி, மாட்டுங்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். சிநேகிதனைப் பார்த்துச் சொன்னார்:

“கடைத் தராசு தப்பு காட்டுனா நான் அதைக் கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்டே. வேற தராசு வாங்கிருவேன். திங்கக்கெழம வேற டூல் வருது. அதுக்கப்புறம் உனக்கு இங்க என்ன சோலின்னு யோசிச்சுக்கோ.”

அதைக் கேட்டுத்தான் நான் கிளம்பினேன். நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. சிநேகிதன்.

“எங்கலே இருக்க? தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சுன்னு நெனைக்கேன். டூல்ல பாதிய அழிச்சிட்டுப் புதுசா எழுதப் போறேன். வா, சாப்பாடு உனக்கும் எடுத்து வச்சிருக்கேன்.”

ஓரமாக ஒரு ரிக்‌ஷாவின் நிழலில் நின்றேன். நல்லபடியாக ஓடுகிற ஒன்றை அவன் தன் கையாலேயே உடைக்கப் போகிறான். அழிக்காதே, வருகிறேன் என்றேன்.

ஆபீசுக்குத் திரும்பியபோது அவன் தரையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். நான் உட்காரவில்லை.

“டூல் அந்த மேட்ச்சையும் குடுத்துச்சு. நான்தான் அத வெட்டுனேன்.”

ஏன் என்று கேட்டான். குடோன் கதையைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“மூணு நாளும் பக்கத்துலதானலே இருந்த,” என்றான்.

அண்ணாச்சி எதிர் மேஜையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் ரெண்டு திட்டோடு போயிருக்கும் என்று என்னிடம் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவனைப் பார்த்து, “ஒன் தராசு நல்லாத்தான் இருந்திருக்கு, சாப்பிடு,” என்றார். புது டூலுக்குச் சொல்லி வைத்தவரை உடனே போனில் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

படி வரைக்கும் சிநேகிதன் வந்தான்.

“அம்மாட்ட வேற எடத்துல வேல கெடச்சிருக்குன்னு சொல்லிரு. இத சொல்லாண்டாம்.”

வீட்டை விட்டுப் போ என்று அவன் வாயால் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. சாயங்காலம் லேபர் கேம்ப் போய்ப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அவன் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். செம்பூர் என்றேன். வாயில் வந்த பெயர் அதுதான். ராத்திரி தாதர் ஸ்டேஷனில் கழிந்தது.

காலையில் செம்பூருக்கே போனேன். மூன்று இடத்தில் கேட்டு, நாலாவதாக ஒரு கிரில் பட்டறையில், ஆள் வேண்டும், ராத்திரி உள்ளேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். என்ன வேலை தெரியும் என்று பட்டறைக்காரர் ஹிந்தியில் கேட்டார். சொல்வதைச் செய்வேன் என்றேன். கம்பி பிரஷ் ஒன்றைக் கொடுத்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் கிரில்களைக் காட்டினார். துருவைத் தேய்த்து எடுத்து, சிவப்பு பிரைமர் அடிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் நாலு முடிந்தது. ஐந்தாவதில் ஒரு மூலையில் வெல்டிங் விட்டிருந்த மாதிரித் தெரிந்தது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு, பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.