அம்மாவின் பெயருக்கு நேரே

நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே காவியால் ஓர் எண் எழுதியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், குடிமதிப்பு என்ற மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வருவதற்கு முன் எல்லா வீட்டுக்கும் அப்படி எழுதினார்கள். செட்டியாரின் பெரிய வளவு வீட்டுக்கும் எங்கள் கூரை வீட்டுக்கும் ஒரே காவி, ஒரே அளவு எழுத்து. எட்டு வயதில் எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. அம்மாவுக்கோ அந்த எண்ணைக் கண்டாலே பயம்.

காரணம் இருந்தது. அப்பா ஊருக்குக் கொல்லர். வருஷக்கணக்காக உலை நெருப்பைப் பார்த்துப் பார்த்து அவர் பார்வை மங்கி, ஒரு கட்டத்தில் முற்றிலும் போய்விட்டது. அது தெரிந்தால் ஊரார் வேறு ஆளைக் கொண்டுவந்து உலைக்களத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அம்மா உலையைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டினாள். உள்ளே அப்பா துருத்தி இழுப்பார். அம்மா சம்மட்டி எடுப்பாள். "இரும்பு என்ன நெறத்துல இருக்கு?" என்று கேட்பார். "மாம்பழ நெறம்" என்பாள். "அடி" என்பார். போகப்போக அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எப்போது அடிக்க வேண்டும் என்பது அம்மாவுக்கே கைவந்துவிட்டது. வெளியே நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டு, கொல்லர் வேலையில் இருக்கிறார் என்று கலப்பைக் கொழுவை வைத்துவிட்டுப் போனார்கள்.

கணக்கெடுக்க வந்தவர் பள்ளத்தூர் வாத்தியார். கொழுவுக்கு முனை வைக்க வந்த உழவுக்காரச் சம்சாரி ஒருவரும் வாசலில் நின்றிருந்தார். வாத்தியார் தொழில் என்னவென்று கேட்டதும் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவுக கொல்லு வேலை பாக்குறாக. எனக்கு வீட்டு வேலைதான்."

வாத்தியார் எழுதக் குனிந்தார். தட்டிக்குள்ளிருந்து அப்பா, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்புடி எழுதாதீக. எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு. இரும்பு அடிக்கிறது இவதான்."

அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்திருப்பாள். சம்சாரி கையிலிருந்த கொழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப போன ஐப்பசியில இதுக்கு முனை வச்சது?"

"நாந்தான்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

"கல்லாங்காட்டுல உழுதேன். இத்தன நாளு மழுங்காம நின்னுச்சு." அவர் அப்பாவைத் தாண்டி வந்து கொழுவை அம்மாவிடம் நீட்டினார். "நாளைக்கு உழவு இருக்கு. இப்பவே அடிச்சுக் குடுத்துருங்க."

வாத்தியார் அம்மாவின் பெயருக்கு நேரே கொல்லு வேலை என்று எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார். "அப்ப உங்களுக்கு என்ன எழுத?" என்று அப்பாவைக் கேட்டார்.

"அவளுக்குத் துணைன்னு எழுதுங்க." அப்பா அப்படிச் சிரித்து நான் வெகுநாள் பார்த்ததில்லை.

அன்றே ஓலைத் தட்டியைப் பிரித்தார்கள். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தெரு பார்க்கச் சம்மட்டியை ஓங்கினாள். இன்று என் பேத்தி வேலைக்கு மனுப் போடும்போது தன் பெயருக்கு நேரே தொழிலை எழுதுகிறாள், கை தயங்குவதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் எவ்வளவு துணிய வேண்டியிருந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்த சமயம், காரைக்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் தெருமுனையில் நிறுத்திக் கேட்டார்: "கொல்லரம்மா வீடு எங்குட்டு இருக்கு?"

நான்தான் முன்னால் ஓடி வழி காட்டினேன்.