அமெரிக்கா பிழைக்க நாங்கள் ஜெபித்தோம்

போன வாரம் கூடத்து ஃபேன் நின்றுவிட்டது என்று எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். ஸ்டூலில் ஏறி, பழைய வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புது வயரின் தோலைக் கத்தியால் சீவினார். சீவிய துண்டு ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. என்னை அறியாமல் குனிந்து எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, வயரப் போயி மோந்து பாக்குற?" என்று மேலிருந்து சிரித்தார்.

சிவப்பு வயருக்கு ஒரு வாசனை, கறுப்புக்கு வேறொரு வாசனை என்று சொன்னால் அவர் ஸ்டூலிலிருந்தே விழுந்திருப்பார். நீங்களும் நம்ப வேண்டாம். கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த செல்வி ஒருத்தி இருந்தால் நம்புவாள். கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொல்லும் விளையாட்டை அவளும் நானும்தான் கண்டுபிடித்தோம். பெரும்பாலும் தோற்றுப்போவேன் என்பது வேறு விஷயம்.

அன்று சாயங்காலமே டிவியில் நான்கு பேர் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அமெரிக்காவின் கார் கம்பெனிகளுக்கு மறுபடியும் கஷ்டகாலமாம். அரசாங்கம் கைகொடுக்குமா கொடுக்காதா என்று பேச்சு. 'மறுபடியும்' என்ற சொல் காதில் விழுந்ததும் அணைத்துவிட்டேன். முதல் தடவை நடந்ததே எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிளஸ் டூ முடித்ததும் மறைமலைநகருக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் எதுவும் இல்லை. காருக்குள்ளே ஓடும் வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, டேப் சுற்றி, மனித உடம்பின் நரம்பு மாதிரி ஒரு கொத்தாக ஆக்குவது எங்கள் வேலை. பெரிய சாய்வுப் பலகை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டே செய்ய வேண்டும். பலகையைப் 'போர்டு' என்போம். லைன் முழுக்கப் பெண்கள். கட்டி முடித்த கொத்துகள் பெட்டியில் அடைபட்டு துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் அமெரிக்காவுக்கு. அந்தக் காரை எங்களில் ஒருத்தியும் கண்ணால் பார்த்ததில்லை. கேன்டீன் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. பனி மலை, அதற்கு முன்னால் நீலக் கார். அவ்வளவுதான் தரிசனம்.

பார்க்காவிட்டால் என்ன? கல்யாண வீடுகளில் நான் விடுகிற அளப்புக்குக் குறைச்சல் இருக்காது. "அமெரிக்காவுல ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான்னா, அது நான் சுத்துன டேப்பாலதான்" என்பேன். நைனாவும் அம்மாவும் வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை எடுத்து எங்களை வளர்த்தவர்கள். தெருமுனை ஸ்டாப்பில் கம்பெனி பஸ் வந்து நின்று என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது நைனா வேண்டுமென்றே ரோட்டோரம் நின்று வேட்டியை மடித்துக் கட்டுவார். நாலு பேர் பார்க்கட்டும் என்று.

எங்களுக்கு சூப்பர்வைசர் டேனியல் அண்ணன். எங்கள் சர்ச்சுக்காரர், எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். ஹெல்ப்பராக நுழைந்து படிப்படியாக மேலே வந்தவர். மேனேஜர் இங்கிலீஷில் திட்டுவார். அதை டேனியல் அண்ணன் எங்களிடம் வந்து தமிழில் பாதியாகக் குறைத்துச் சொல்வார். "சாரு கொஞ்சம் சூடா கீறாரு, பாத்து செய்ங்கம்மா" என்பார். அவர் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை. சம்பளச் சீட்டில் ஏதாவது புரியாவிட்டால்கூட மேனேஜரிடம் யாரும் போனதில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அமெரிக்காவில் பெரிய கார் கம்பெனிகள் திவாலாகப் போகின்றன என்று செய்தி வர ஆரம்பித்தது. முதலில் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு பெட்டி ஏற்ற வரும் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் சம்பளமில்லாத லீவு என்றார்கள். நைனாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"இன்னாடி இது, அமெரிக்காக்காரங்கிட்ட டப்பு இல்லன்னா உனுக்கு ஏன் லீவு?"

என்னென்னவோ விளக்கினேன். ஏற்றுமதி, இறக்குமதி, டாலர் என்றெல்லாம் டேனியல் அண்ணன் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ப வூட்டு அடுப்பு அவன் கையில கீது" என்றார். நான் பத்து நிமிடமாகச் சொல்ல வராததை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துகொண்டார். மீதியை டேனியல் அண்ணன் பேசினார்.

"அங்க அரசாங்கம் உதவப்போகுது. அதுவரிக்கும் நாம தாக்குப்புடிக்கணும். இந்த வருசத்து இன்கிரிமென்ட்ட விட்டுக்குடுங்க. கம்பெனி எழுந்திரிச்சிதுன்னா மொதல்ல உங்களத்தான் பாக்கும். நான் கியாரண்டி."

செல்வி எழுந்து நின்றாள். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம், நறுக்கென்று பேசுவாள். "அண்ணாத்த, நீ கியாரண்டி சரி. உனுக்கு யாரு கியாரண்டி?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னபோது அத்தனை பேரும் தூக்கினோம். செல்வி கடைசியாகத் தூக்கினாள், அதுவும் நான் இடித்த பிறகு.

இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெப விண்ணப்பம் யாருக்காவது உண்டா என்று போதகர் ஐயர் கேட்டார். உடம்பு சரியில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். எங்கள் அம்மா எழுந்து நின்று, "அமெரிக்கா அரசாங்கத்தோட மனசு எளகணும் ஐயரே" என்றாள். ஐயர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். கூரை போட்ட எங்கள் சின்ன சர்ச் முழுவதும் அமெரிக்காவுக்காக முழங்கால் போட்டது. செல்வி தன் ஊர் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். ஆக, இரண்டு பக்கமும் ஏற்பாடு செய்துவிட்டோம்.

பலித்துவிட்டது! கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது. அமெரிக்க அரசாங்கம் கடன் கொடுத்துக் காப்பாற்றுகிறது. தட்டில் இருந்த சாம்பார் சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கைதட்டினோம். யாரோ காலண்டர் காருக்குக் குங்குமம்கூட வைத்தார்கள். செல்வி என் காதில், "மாரியாத்தாவா, ஏசுவா?" என்றாள். பாதிப் பாதி என்றேன்.

சந்தோஷத்தைக் கொண்டாட மாமல்லபுரத்துக்கு பிக்னிக் என்று கம்பெனி அறிவித்தது. வேலை நாளில், சம்பளத்தோடு! சாப்பாடு அவர்கள் செலவு. டேனியல் அண்ணன் ஒவ்வொரு போர்டாக வந்து சொன்னார்: "ஒருத்தர்கூட வராம நிக்கக்கூடாது. உடம்பு சரியில்லன்னா பஸ்ல குந்திகினாவது வாங்க." செல்வி அப்போது முழுகாமல் இருந்தாள். பஸ் குலுங்கும் என்று தயங்கினாள். முன் சீட்டை அவளுக்கென்று பிடித்து, தலையணை போட்டு உட்கார வைத்தார்.

அன்று காலை பஸ்ஸில் ஏறியதும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் விழித்தோம். தினமும் சாம்பல் நிற மேல்சட்டையில் பார்த்த முகங்கள். அன்றைக்குத்தான் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்றே தெரிந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை பாட்டு. கடற்கரையில் கயிறு இழுத்தோம். வெண்ணெய் உருண்டைக் கல்லை எல்லோரும் சேர்ந்து தள்ளிப்பார்த்தோம். அது நகரவில்லை, நானூறு யானை வந்தாலும் நகராது போலிருக்கிறது. டேனியல் அண்ணன் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அவருக்கு அடிக்கடி போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் அலைச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். செல்விதான் கவனித்தாள்.

"இன்னாடி இந்தாளு, ஒரு வாய்கூடச் சாப்புடல."

"மேனேஜரு தொல்லையா இருக்கும்" என்றேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வரவில்லை. யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஸ்டாப்பில் வெயில் ஏறும் வரை நின்றோம். நைனா வேட்டியை மடித்துக் கட்டி எங்களோடு நின்றுவிட்டு, பிறகு மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போனோம். கேட்டில் சங்கிலி. உள்ளே புது வாட்ச்மேன். "எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நேத்து ராத்திரிதான் டூட்டியில போட்டாங்கோ" என்றார்.

சுற்றிப் போய்ப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஷெட் காலியாக இருந்தது. ஒரு போர்டு இல்லை, ஒரு மெஷின் இல்லை. சீலிங் ஃபேன் மாட்டியிருந்த கொக்கிகள் மட்டும் தொங்கின. நாங்கள் நின்று நின்று தேய்ந்த இடங்கள் சிமெண்டுத் தரையில் வழுவழுவென்று வரிசையாகத் தெரிந்தன. நாங்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே லாரிகளில் ஏற்றி முடித்திருக்கிறார்கள். வடக்கே எங்கேயோ புது இடமாம், ஆள் மலிவாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் கோணி மூட்டைகள் கிடந்தன. எங்கள் லாக்கர்களை உடைத்து, உள்ளே இருந்தவற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கட்டியிருந்தார்கள். சீப்பு, மாற்று ஜாக்கெட், மாரியம்மன் படம், என்னுடைய ஏசு படம், மாதவிடாய்த் துணிகள், டிபன் பாக்ஸ். ரோட்டில் லாரிகளும் ஆட்டோக்களும் போய்க்கொண்டிருக்க, ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்து அவரவர் பொருளைப் பொறுக்கினோம். மெஷின் போனதற்குக்கூட நான் அழவில்லை. அந்த மூட்டையைப் பிரித்தபோதுதான் அழுதேன். யாருடைய கையோ என் துணியைத் தொட்டு அள்ளியிருக்கிறது.

கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். லேபர் ஆபீஸ் அதிகாரிகளிடம் போய்ப் பார்த்தோம், வழக்கும் போட்டோம். ஒரு அதிகாரி நல்லவர்தான், டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அமெரிக்காவுல காப்பாத்துனது அவங்க ஊர் கம்பெனியம்மா. உங்க மொதலாளி வேற ஆளு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." கஷ்டம் வந்தபோது மட்டும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்று செல்வி கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் எதையோ கொடுத்து வழக்கை முடித்தார்கள். டேனியல் அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது. மெஷின்களோடு அவரும் வடக்கே போய்விட்டார் என்றார்கள். நான் நம்பவில்லை. அவரையும் ஏமாற்றி அழைத்துப்போயிருப்பார்கள் என்று நைனாவிடம் வாதாடினேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கல்யாணம், புதுப்பட்டினத்தில் குடித்தனம், இரண்டு பிள்ளைகள். இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மார்க்கெட்டில் சங்கரா மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, "நல்லா கீறியாம்மா?" என்று ஒரு குரல். திரும்பினால் டேனியல் அண்ணன். முடியெல்லாம் நரைத்து, ஒரு செக்யூரிட்டி சட்டையில் நின்றார். வடக்கே போன கொஞ்ச நாளிலேயே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். அங்கே உள்ளவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுத்த பிறகு.

எவ்வளவோ கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஒன்றைத்தான் கேட்டேன்.

"அண்ணாத்த, உனுக்குத் தெரியுமா?"

"எனுக்கும் கடைசியாதாம்மா சொன்னாங்கோ."

"கடைசின்னா எப்போ?"

மீன்காரம்மா தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கேன்டீன்ல பேசுனேனே... அதுக்கு முந்துன வாரம்."

பிக்னிக்குக்கு முந்தின நாள் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜெபத்துக்கு முன்பே தெரியும். எங்கள் அம்மா எழுந்து நின்று அமெரிக்காவுக்காக விண்ணப்பம் வைத்தபோது, ஆண்கள் வரிசையில் அவரும் முழங்கால் போட்டிருந்தார்.

நான் திட்டவில்லை. மீன்காரம்மா நீட்டிய பையை வாங்கிக்கொண்டேன். அவர் கிளம்பவும் இல்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். செல்விக்கு என்ன குழந்தை பிறந்தது? மேரி இப்போ எங்கே? மூணாவது போர்டு தேவகி? லட்சுமி? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். செல்வி திருப்பூருக்குப் போனாள், ஒரு தடவை போன் செய்தாள், பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. மற்றவர்களைப் பற்றி அதுவும் கிடையாது.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன். ஆன்லைனில் வாங்கும் சாமான்கள் வந்து இறங்கிப் போகின்றன. வேலைக்குப் போகும் பெண்களை வேன் வந்து ஏற்றிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றிவிடுகிறார்களாம். எந்தக் கம்பெனி என்று எங்கள் தெருப் பெண் ஒருத்தியைக் கேட்டேன். "தெரியலக்கா, கான்ட்ராக்ட்டருக்குத்தான் தெரியும்" என்றாள். வேன் வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏறினாள். உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.