கலிச்சா அக்கா வாங்கிய ஐந்து

எங்கள் கல்லூரியில் நூற்று நாற்பத்தேழு பாடங்கள் நடக்கின்றன. உயிரியல், வேதியியல், கிர்கிஸ், ருஷ்யன், ஜெர்மன், சீனம், அரசாங்கமும் நிர்வாகமும், மருத்துவமனை மேலாண்மை என்று பட்டியல் நான்கு பக்கம் ஓடும். நடத்துவதற்கு இருப்பவர்கள் பதினெட்டுப் பேர். மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வாத்தியார் சீனமும் எடுக்கிறார். மாணவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் அவர் படித்துவிடுகிறார், அவ்வளவுதான். உடற்பயிற்சி ஆசிரியர் அரசாங்கம் எடுக்கிறார். குரல் பெரிது என்பது ஒன்றே தகுதி. நான் இயற்பியல்காரன். ஆள் சேராமல் இயற்பியல் துறையை மூடியபோது, என் பாடவேளை குறைந்துவிடக் கூடாதே என்று மருத்துவமனை மேலாண்மையைத் தலையில் கட்டினார்கள். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் நான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த நூற்று நாற்பத்தேழு பாடத்துக்கும் பாடத்திட்டம் எழுதியது ஒரே ஆள்தான், கலிச்சா அக்கா. டீன் அலுவலகத்தில் எழுத்தர். எந்தப் பாடத்தில் எத்தனை வாரம், எந்த வாரம் எந்தத் தலைப்பு, தேர்வில் என்ன கேள்வி, அதற்கு என்ன விடை, எல்லாம் அக்காவின் கணினியிலிருந்து வர வேண்டும். பேராசிரியர்கள் வந்து நின்று, "அக்கா, நான் இந்த வருஷம் என்ன பாடம் எடுக்கறேன்?" என்று கேட்பார்கள். அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஆமா, உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்பாள். உண்மையும் அதுதான். இத்தனைக்கும் அக்காவிடம் பட்டம் கிடையாது.

இந்தக் கட்டடம் சோவியத் காலத்தில் ஆட்டுப்பண்ணைப் பயிற்சிப் பள்ளி. இருபது வயதில் அங்கே தட்டச்சு செய்ய வந்தவள் அக்கா. நாடு தனியாக ஆனதும், யார் வேண்டுமானாலும் உயர்கல்வி நிறுவனம் ஆகலாம் என்று ஒரு காலம் வந்தது. நாங்களும் ஆனோம். பலகையை மாற்றினோம், தொழுவத்தை நூலகம் ஆக்கினோம். மழை நாளில் நூலகத்தில் இன்னும் அந்த வாடை அடிக்கிறது.

மருத்துவமனை மேலாண்மை வந்த கதை இது. தலைநகரில் புதிய பாடத்துக்கு அனுமதி தருகிறார்கள், பத்து நாளில் கேட்பவர்களுக்கு மட்டும் என்று டீன் ஷார்ஷென் அண்ணனுக்குத் தகவல் வந்தது. அவர் அக்காவிடம் ஓடினார்.

"கலிச்சா, நூத்தி நாப்பது பக்கம் வேணும். வர்ற வெள்ளிக்கிழமை."

"எதைப் பத்திங்க அண்ணே?"

"ஆஸ்பத்திரிய நடத்தறதப் பத்தி."

"எனக்கு ஆஸ்பத்திரியப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? பக்கம் வந்தாப் போதும்."

அக்கா பழைய 'ஆட்டுப்பண்ணை மேலாண்மை'யைத் திறந்தாள். ஆடு என்று வந்த இடத்திலெல்லாம் நோயாளி என்று மாற்றச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு கொடுத்தாள். பண்ணை மருத்துவமனை ஆயிற்று, மேய்ப்பர் செவிலியர் ஆனார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் திருத்தினாள். இறைச்சிக்கூடம் பற்றிய அத்தியாயத்தை முழுசாகத் தூக்கிவிட்டாள், மனசாட்சி உள்ளவள். ஆனால் நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு இடம் தப்பிவிட்டது. நான்காம் அத்தியாயம்: "நோயாளிகளுக்கு வசந்தத்தில், கோடை மேய்ச்சலுக்கு ஏற்றும் முன், ஒருமுறை ரோமம் கத்தரிக்க வேண்டும். கொழுத்தவற்றுக்கு இலையுதிர் காலத்தில் மறுமுறை."

தலைநகரக் குழு வந்தது. அளவுகோலை வைத்து இடப்பக்க ஓரத்தை அளந்தார்கள். மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டியது இரண்டரை இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். அக்கா ஓரத்தைச் சரிசெய்து அனுப்பியதும் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழுந்தது.

அடுத்த வருடம் அக்காவே அந்த வரியைப் பார்த்துவிட்டு டீனிடம் ஓடினாள். "முத்திரை விழுந்த தாள், அதைத் தொடாத" என்று அவர் கைகழுவிவிட்டார்.

நானும் பார்த்தேன். பார்க்காமல் என்ன, இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் ஆட்டுக்கு எப்போது ரோமம் கத்தரிப்பது என்று தெரியும். முதல் வருடம் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். தேர்வில் கேள்வியாக வந்து மாணவர்கள் முழித்தார்கள். அடுத்த வருடம் நடத்தினேன். மூன்றாம் வருடம், "வசந்தத்தில் பேன் தொல்லை அதிகம், ஆகவே இது சுகாதார நடவடிக்கை" என்று நானாகவே ஒரு சப்பைக்கட்டும் கட்டினேன். மாணவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். எட்டு வருடம் இப்படி ஓடிற்று.

பிறகுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு இனிப் பட்டம் கட்டாயம், நான்கு வருடம் கெடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. வீட்டுக்குப் போவது என்றால், மருமகள் மரியாதைக்கு அரைக் கோப்பை அரைக் கோப்பையாக ஊற்றித் தருகிற தேநீரைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. "அதுக்கு ஒரேயடியாப் போய்ச் சேரலாம்" என்றாள் என்னிடம். அஞ்சல்வழியில் சேர்ந்தாள். அந்த வழியில் இடம் இருந்தது ஒரே ஒரு பாடத்தில்தான். எது என்று சொல்ல வேண்டுமா?

நான்கு வருடமும் அக்காதான் தன் தேர்வுகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்தாள், தன் மதிப்பெண்ணைத் தானே ஏட்டில் ஏற்றினாள். திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. தேர்வு எழுதும் நேரத்துக்கு மட்டும் எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்காருவாள்.

இறுதித் தேர்வுக்கு முந்தைய வசந்தத்தில் அக்காவின் கணவர் துர்குன்பாய்க்கு மஞ்சள் காமாலை. மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் நிர்வாகி எங்கள் மாணவி, முதல் வகுப்பில் தேறியவள். ஏப்ரல் மாதம் ஒருநாள் காலையில் முடிவெட்டுகிறவரை வரவழைத்து, வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் வரிசையாக மழிக்கச் செய்தாள். துர்குன்பாய் முப்பது வருடம் வளர்த்த மீசையோடு போனவர், முட்டை மாதிரி திரும்பி வந்தார். மனிதர் கொஞ்சம் கனத்த உடம்பு. "அக்டோபர்ல மறுபடி வரணுமாம், என்னை மட்டும்" என்றார்.

ஊரே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன், நீதான் சொல்லிக் கொடுத்த, குபாத்" என்றாள் என்னிடம். 

ஜூனில் இறுதித் தேர்வு, வாய்மொழியாக. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தேர்வுக் குழுத் தலைவராக வந்தவர் எர்னஸாரொவ் என்ற பெரிய மனிதர். வலப்பக்கம் டீன், இடப்பக்கம் பாட ஆசிரியர் என்ற முறையில் நான். மேஜையில் பூ, தண்ணீர், வெண்ணெயோடு பூர்சோக் என்கிற பொரித்த மாவுத்துண்டு. கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை அக்கா எடுத்தாள். எண்ணைப் பார்த்ததுமே, கேள்வியைப் படிப்பதற்கு முன்னமேயே, முகம் வெளுத்தது. அத்தனையும் அவள் தட்டச்சு செய்ததுதானே.

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் மடமடவென்று சொன்னாள். தலைவர் பூர்சோக்கை மென்றபடி தலையாட்டினார். இரண்டாவது: மருத்துவமனையில் ரோமம் கத்தரிக்கும் காலமும் முறையும்.

"அப்படி ஒண்ணு கிடையாதுங்க" என்றாள் அக்கா.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்ன கிடையாது?"

"நோயாளிக்கு ரோமம் கத்தரிக்கறது எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. அது ஆட்டுப் பாடத்துலருந்து வந்துடுச்சு. டைப் பண்ணது நான்தான், தப்பு என்னோடதுதான். தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க."

"அம்மா, கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"இதாங்க பதில்."

தலைவர் விடைத்தொகுப்பைப் புரட்டினார். விரல் வைத்து, நிறுத்தி நிதானமாக, கோடை மேய்ச்சல், கொழுத்தவை எல்லாவற்றையும் உரக்கப் படித்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "முத்திரை இருக்கு. இங்க வசந்தம்னு போட்டிருக்கு, நீங்க கிடையாதுன்னு சொல்றீங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாடம் எடுக்கறது நீங்கதானே? நீங்க என்ன சொல்லித் தர்றீங்க?"

டீன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதிக்காவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"வசந்தத்துலதாங்க" என்றேன்.

நாக்கு கூசிற்று. இயற்பியல் படித்தவன், கல் கீழேதான் விழும் என்று ஒரு காலத்தில் துணிந்து சொன்னவன். அக்கா என்னை முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

தலைவர் இரண்டு மதிப்பெண் போட்டார். இரண்டு என்றால் தோல்வி. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அக்கா எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, 'கலிச்சா, இரண்டு' என்று ஏட்டில் ஏற்றினாள். என் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. "திரும்பப் போடு" என்றாள்.

வராந்தாவில் டீன் அவளைப் பிடித்துக்கொண்டார். "உண்மை பேசறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா கலிச்சா? பரீட்சையிலயா போய்ப் பேசுவாங்க?"

"பின்ன எங்க பேசறது அண்ணே? உங்க ரூம்ல பதினோரு வருஷமாப் பேசியாச்சு."

"நீ பேசுவ. பாடத்தையே மூடிடுவாங்க. நானூறு பிள்ளைங்க டிப்ளமா என்னாகும்? இவன் வேலை என்னாகும்?" என்று என்னைக் காட்டினார். "மூணு நாள் கழிச்சு மறுதேர்வு. தோத்த கேள்வி மட்டும். ஒழுங்கா இருக்கறதச் சொல்லிட்டுப் போ."

மூன்று நாளும் தலைவர் ஊரிலேயே இருந்தார். ஆடு வெட்டி, பெரிய விருந்தாளிக்கு உரிய மரியாதையாகத் தலையை அவர் முன்னால் வைத்தோம். மலைமேல் கூட்டிப்போய்க் குதிரைப்பால் கொடுத்தோம். போகிற வழியில் மந்தை மந்தையாக, ரோமம் கத்தரித்த ஆடுகள். "இதெல்லாம் எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டார். "வசந்தத்துல" என்றார் டீன். "ஓ" என்றார் தலைவர்.  அவர் குதிரைப்பால் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மறுதேர்வில் அக்கா நின்றுகொண்டே சொன்னாள். வசந்தத்தில், மேய்ச்சலுக்கு ஏற்றும் முன் என்று ஆரம்பித்தவள், விடைத்தொகுப்பில் இருந்தது முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. "ஈரமா இருக்கறப்ப வெட்டக்கூடாதுங்க. முந்தின நாள் ராத்திரி தீனி போடக்கூடாது. உக்கார வச்சு, முதுகை நம்ம காலோட சாய்ச்சுக்கிட்டு, வயித்துலருந்து ஆரம்பிக்கணும். காயம் பட்டா உடனே மருந்து தடவிடணும், இல்லன்னா புழு வெச்சுடும்."

  தலைவர் டீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, நடைமுறை அனுபவம்! இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா." ஐந்து போட்டார். எங்களிடம் ஐந்துக்கு மேல் மதிப்பெண் கிடையாது.

ஜூலையில் டிப்ளமா வந்தது. அக்காவின் வேலை நிலைத்தது. செப்டம்பரில், கல்லூரி திறந்த முதல் வாரம், நான் ஒரு தாளோடு அவள் அறைக்குப் போனேன். பாடத்திட்டத்தைத் திருத்தக் கோரும் விண்ணப்பம். கோடை முழுக்க உறுத்தி, கடைசியில் எழுதிவிட்டேன். ஓரம் மூன்று சென்டிமீட்டர் சரியாக விட்டிருந்தேன்.

"அக்கா, இப்ப நீங்களும் பட்டதாரி. கூட்டத்துல எழுந்து பேசலாம். நான் கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்களும் போட்டா அந்த வரிய எடுத்துடலாம்."

அக்கா தாளை வாங்கி முழுசாகப் படித்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு தாளை முழுசாகப் படிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். "ஆனா அந்த வரி தப்புன்னு ஆச்சுன்னா, நான் சொன்ன பதிலும் தப்புன்னு ஆகும். அந்தப் பதிலுக்குத்தான், குபாத், எனக்கு அஞ்சு. டிப்ளமா போயிடும், இந்த நாற்காலியும் போயிடும்."

"அப்ப சரியான பதில் சொன்னீங்களே, முதல் தடவை..."

"அதுக்கு ரெண்டு போட்டாச்சு. உன் கையெழுத்தும் இருக்கு அதுல."

தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போய் நான்காம் அத்தியாயம் எடுத்தேன்.