மணியம் மாமாவின் தந்தி

எஃகுத் தந்தி துருப்பிடிக்காதிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கும் வாடை, ஜப்பான்காரன் காலத்தில் காஜா பேராங் தெருவிலிருந்த எங்கள் வீட்டுப் பலகைச் சுவரின் இடுக்கு வழியே பகலெல்லாம் வந்துகொண்டிருக்கும். அடுத்த வீட்டு மணியம் மாமா படக்கொட்டகையில் மெஷின் ஓட்டியவர்; கொட்டகை போன பிறகு, குரலைத் தந்தியில் பிடித்து வைக்கும் பெட்டியொன்றைச் செய்துகொண்டிருந்தார். ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தந்தி காந்தத்தை உரசியபடி ஓடும். “தந்தி சுத்திச் சக்கரம் தடிக்கத் தடிக்க வேகம் மாறும்டா, வேகம் மாறினா குரல் மாறும். இழுக்கிற உருளை தனியா இருக்கணும்,” என்று எனக்குக் காட்டியிருக்கிறார்.

ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு வலுக்கட்டாயமாக ஆள் பிடித்த நாள்கள் அவை. அப்பா மூவாருக்குப் போய்விட்டதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, அவரை உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தோம். “வாயத் தொறக்காதே, எவன் எவனோட ஆளோ,” என்பாள் அம்மா. அப்படியிருக்க, ஒரு மத்தியானம் மாமாவின் பெட்டிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. சுவர் வழியாகக் குரலைத் திருடிக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை ‘ஊபி’க் கிழங்குக்கு வரிசையில் நின்றபோது, ஜப்பான்காரர்களின் தமிழ்த் துபாஷி என் காதைத் திருகினான். “என்னடா, ஒங்கப்பன் மூவார்ல இன்னொரு குடும்பம் வச்சிட்டானா? ஆளையே காணோம்?” வரிசை சிரித்தது. அவன் கவனத்தைத் திருப்ப, “பக்கத்து வீட்டுல தந்தி ஓடுதுங்க,” என்றேன்.

“தந்தியா? யாருக்கு அடிக்கிறான்?”

வீணையில் கட்டுகிற தந்தியைப் போன்றது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தே தலையாட்டினேன்.

மத்தியானம் ஜப்பான்காரர்களின் லாரி வந்தது. பெட்டியை உடைத்து, தந்தியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, ‘ஒற்றன்’ என்று மாமாவை அடித்து இழுத்துப் போனார்கள். அப்பா உள்ளறையைவிட்டு வெளியே வந்து சட்டையை மாட்டினார். “நாந்தான் என் குரலப் பிடிச்சு வைக்கச் சொன்னேன். என்னைப் பிடிச்சிட்டுப் போனா பிள்ளைங்க கேக்க ஏதாவது வேணாமா?” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதையே அவர்களிடம் சொல்லப் போனார். நம்பினார்களோ, சயாமுக்கு ஓர் ஆள் கிடைத்தது போதுமென்று நினைத்தார்களோ, மூன்றாம் நாள் மாமா வீங்கிய முகத்தோடு திரும்பினார். அப்பா திரும்பவேயில்லை.

“யாருடா சொல்லியிருப்பான்?” என்று மாமா என்னிடம் ஒருமுறை கேட்டார். தெரியாது என்றேன். அவராகவே முனைக்கடை காதர் நானாவைச் சந்தேகித்தார். சாகும்வரை அந்தக் கடையில் உப்புக்கூட வாங்கவில்லை. தெருவும் மெல்ல அப்படியே நம்பியது. நானா கடையை மூடிவிட்டுத் தெங்கேராவுக்குப் போனார்.

பிறகு நான் கோலாலம்பூரில் இசைப்பதிவுக் கூடங்களுக்கு நாடா இயந்திரங்கள் வடிவமைத்தேன். தனி உருளை வைத்த என் இயந்திரங்களில் குரல் சற்றும் பிசகாது என்று பாராட்டினார்கள். அந்த யோசனை யாருடையது என்று நான் சொன்னதில்லை. இன்று எங்கள் இரண்டு வீடுகளும் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. நாடா இயந்திரங்களும் போய்விட்டன. காதர் நானாவின் மகன் ஆயர் குரோவில் இருக்கிறார். அவர் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பியவன்தான், இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.