கூரைக்குப் பதில் குடை

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா புல்தரையில் நானும் நண்பனும் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஊர்க்காரர்கள், இங்கே அடுக்குமாடிக் கூரைகள் ஒழுகாமல் பூசுவது எங்கள் வேலை. ஊரிலிருந்து அவன் மனைவி வீடியோவில் வந்து, மகளின் புதுக் குடையை விரித்துக் காட்டினாள். குடை முழுக்க முதலமைச்சரின் சிரிப்பு.

“பள்ளிக்கூடம் ஒழுகுதுல்ல? வகுப்புல பிடிச்சுக்கிட்டு உக்கார அரசாங்கம் குடுத்துச்சு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கூரைய அடைக்கத் துப்பில்ல, குடை குடுக்கிறானாம்! இவனுக்கா மறுபடி ஓட்டு?”

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. “அவருக்கே போடு” என்றான் மனைவியிடம். “எவன் வந்தாலும் கூரை போடப்போறதில்ல. குடையாவது மிஞ்சட்டும்.”

அவன் கைபேசியை என் பக்கம் திருப்பினேன். என் மகளும் அதே வகுப்புதான்.

“எம்பிள்ளைக்கும் குடுத்தாங்களா தங்கச்சி?” என்று கேட்டேன்.